பெண் விசாரிக்க வந்தவர்கள்

“சத்யபிரியா டீச்சர் லீவுங்க. சொந்தக்காரங்க ஊட்டு விசேசத்துக்கு மேட்டூர் போயிருக்காங்க” என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள் தமிழ் டீச்சர் சௌந்திரம்.

பள்ளிக்கூட அலுவலக வாசலில் நின்ற ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாமக்கல் பக்கத்து ஆட்களாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் தோளில் ஒரு பெரிய பை. உள்ளே பூ, பழம், புடவை இருப்பதைச் சௌந்திரம் திறக்காமலே கண்டுபிடித்துவிட்டாள்.

“காலையில ஸ்கூல்லதான் இருப்பாங்கன்னு எங்களுக்குத் தகவல்” என்ற அந்த ஆள், போனில் ஒரு படத்தைக் காட்டினார். “இவங்கதானே?”

“அவங்களேதானுங்க. என்ன விசயமா வந்தீங்க?”

“அதை அவங்ககிட்ட மட்டும்தான் சொல்ல முடியும்.”

வேறென்ன விஷயமாக இருக்கும்? பெண் கேட்டு வீட்டுக்குப் போவதற்கு முன்னால், அவள் வேலை பார்க்கிற இடத்துக்கே வந்து நோட்டம் விடுவது இந்தப் பக்கத்து வழக்கம்தான். சௌந்திரத்தையும் இப்படித்தான் கல்லூரி வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எம்.ஏ. பாதியில் நின்றது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சத்யபிரியாவுக்கு அந்தக் கதி வரவே கூடாது. பாடம் நடத்துவது கணக்குதான். ஆனால் உயரம் தாண்டுவதில் நாட்டிலேயே அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அடுத்த மாதம் ஆசியப் போட்டிக்குத் தேர்வு. இந்த நேரம் பார்த்து யாராவது ஜாதகத்தோடு போய் நின்றால், பரமத்தி வேலூரில் இருக்கும் அவளுடைய அப்பா மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிடுவார்.

“எப்ப வருவாங்கன்னு தெரியாதுங்க. நீங்க கெளம்புங்க.”

“பரவாயில்லை. ஒன்பது மணி வரைக்கும் இருந்துட்டே போறோம்” என்று அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

சௌந்திரம் மட்டும் சளைத்தவளா? வாசலை மறித்தாற்போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். காபி வேண்டாம் என்றார்கள், மோரும் வேண்டாம் என்றார்கள். கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டடத்துக்குப் பின்னால் மைதானத்தில் சத்யபிரியா பாட்டுக்குத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவள் கொடுத்துவிட்டுப் போன போன் சௌந்திரத்தின் கைப்பைக்குள் அதிர்ந்தது. எதிரே அந்த ஆளும் போனைக் காதில் வைத்திருந்தார். நம்பர் எப்படியோ கிடைத்திருக்கிறது, கெட்டிக்காரர்கள்தான் என்று நினைத்தபடி அதை அமுக்கிவிட்டாள்.

ஒன்பது அடித்ததும் இருவரும் எழுந்து, சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். கார் ரோட்டில் ஏறி மறைந்ததைப் பார்த்த பிறகுதான் சௌந்திரத்துக்கு மூச்சு வந்தது. சந்தோஷம் தாங்காமல் மைதானத்துக்கு ஓடினாள்.

“கண்ணு, உன்னையப் பொண்ணு விசாரிக்க வந்தவங்களத் தொரத்தி உட்டுட்டேன்.”

சத்யபிரியா வியர்வையைத் துடைத்தபடி சிரித்தாள். “ஆருங்க்கா அது?”

“அதைச் சொன்னாத்தான? உன்ற போட்டோவ வெச்சுக்கிட்டு, உன்கிட்ட மட்டுந்தான் பேசுவோம்னு ஒரே புடிவாதம். ஒன்பது மணி வரைக்கும் அசையலையே. நீ மேட்டூர்ல இருக்கறேன்னு சாதிச்சுப்புட்டேன்.”

துண்டு பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. சத்யபிரியாவின் முகத்தில் ரத்தமே இல்லை. விழுகிற மெத்தையின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

“ஒரு ஆம்பள, ஒரு பொம்பள. பெரிய பையி. அப்படித்தானுங்க்கா?”

“ஆமா கண்ணு. ஏன், உனக்குத் தெரிஞ்சவங்களா?”

“ஊக்கமருந்து டெஸ்ட்டுக்கு வர்றவங்கக்கா. சொல்லாமத்தான் வருவாங்க. தெனமும் எட்டுல இருந்து ஒன்பது வரைக்கும் இங்க இருப்பேன்னு நாந்தான் எழுதிக் குடுத்திருக்கறேன். எலக்சன் டூட்டிக்குப் போனப்ப ஒருக்கா வந்து ஆளில்லைன்னு திரும்பிட்டாங்க, பரீட்சப் பேப்பர் திருத்தப் போனப்ப ஒருக்கா. மூணாவது தடவையும் ஆளில்லைன்னா, ரெண்டு வருசத்துக்கு நான் எந்தப் போட்டியிலயும் தாண்ட முடியாதுங்க்கா.”