ஷஃபீகா

ஜெனரேட்டர் விக்கும்போதெல்லாம் பதிவு அலுவலகத்தின் விளக்கு மங்குகிறது. குமாஸ்தா அபூ ரம்ஸி 1932ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏட்டைப் புரட்டுகிறார். எதிரே நிதால் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறான். தாத்தா ஷஃபீக்கின் பெயர் அதில் இருந்தால்தான் அவனுக்கு லெபனான் குடியுரிமை. விரல் ஒரு வரியில் நிற்கிறது. “உங்க வீடுதான். மூணும் பொண்ணுங்க. கடைசி ஷஃபீகா, ஏழு வயசு.” கூட வந்த நிதாலின் அத்தை சுஆத் தலையில் கைவைக்கிறாள். “கணக்கெடுக்க வந்தவங்க பட்டாளத்துக்குப் புடிப்பாங்கன்னு பயந்து அப்பாவுக்குக் கவுன் மாட்டி உக்கார வெச்சாங்களாம்.” “ஏழு வயசுக்காரனை எந்தப் பட்டாளம்மா எடுக்கும்?” குமாஸ்தா வெடித்துச் சிரிக்கிறார், நிதாலின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்துகிறார். “பொம்பள வழியில குடியுரிமை வராதேப்பா.” நிதால் குனிகிறான். அரபியில் ஷஃபீக்கை ஷஃபீகா ஆக்கும் அந்த ஒற்றைக் கடைசி எழுத்தைக் கட்டைவிரலால் மூடுகிறான். “இப்பப் படிங்க, ஐயா.”