ஈயம் தொட்ட கம்பி

லீமாவின் சின்ன ஓவன் ஒரு நாளும் உண்மை சொன்னதில்லை. குமிழில் ஒரு சூடு, உள்ளே வேறு சூடு. கேக் ஓரமெல்லாம் கருகி, நடுவில் மாவாகவே நிற்கும். பொறுக்கமாட்டாமல் அவள் கணவன் பெர்க்மான்ஸ், தான் வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிற பட்டறையிலிருந்து, சூடு பார்க்கும் பழைய கம்பியையும் மீட்டரையும் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தான். ஈயச்சட்டியில் அதை எங்கே நிறுத்துவது என்பது அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. "சுவர்ல பட்டா சுவரோட சூட்டத்தான் சொல்லும். நடுவுல, எதையும் தொடாம நிக்கணும்" என்று ஓவனுக்குள் கம்பியைத் தொங்கவிட்டான்.

அன்றைக்குக் கேக் பூப்போல எழும்பி வந்தது. "உள்ள வெந்திருக்கான்னு பாத்துருவோம்" என்று லீமா கம்பியைத் துணியால் பிடித்து உருவி, கேக்கில் குத்தப் போனாள்.

"குத்தாத!" பெர்க்மான்ஸ் சத்தம் போட்டு, துணியோடு சேர்த்துக் கம்பியைப் பிடுங்கினான். "ஈயத்துல கிடந்தது அது, விஷம். எத்தன வாட்டி கழுவினாலும் நம்ப முடியாது. பிள்ள திங்கிற பொருளு."

சொன்ன பிறகுதான், கம்பியைப் பிடுங்கிய தன் விரல்களைப் பார்த்தான். நகக்கண்களில் சாம்பல் நிறம் அப்பியிருந்தது. பட்டறை விட்டு வந்ததும் அவன் முதலில் தூக்குவது மகளைத்தான்.

சத்தம் கேட்டு, பாயில் தூங்கிய மகள் எழுந்து தத்தித் தத்தி அவனிடம் வந்தாள். அவள்மேல் பட்டுவிடாதபடி அவன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினான். அவள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டு, தன்னைத் தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.