பாலத்துப் போர்டு

"அண்ணே, எங்கிட்டாவது போயிருங்க! ஜெயமுருகன் நாலு ஆளோட ஏணியத் தூக்கிக்கிட்டு வர்றான்!"

வேலுத்தாய் ஓடிவந்த வேகத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. பாலத்துக்குக் கீழே ஓடையில் இறங்கி, கல்லிடுக்கில் சிக்கியிருந்த பழைய கோழிக்குடலைக் குச்சியால் இழுத்துக்கொண்டிருந்த குமரகுரு நிமிர்ந்து பார்த்தார்.

"வரட்டும். போர்டைப் பிடுங்கி எறிஞ்சா இன்னொண்ணு எழுதுவேன்" என்றார்.

பண்ணைக்காடு என்ற மலையூருக்குக் கீழே அந்த ஓடைத் தண்ணீரைத்தான் நாற்பது வீடுகள் குடிக்கின்றன. அதில் தினமும் வெள்ளனே ஒரு மூட்டை கோழிக்கழிவு வந்து விழும். இறகு, குடல், கால், தலை என்று எல்லாம் மிதக்கும். வெயில் ஏறினால் ஒரு நாற்றம் வருமே, தின்ற சோறு தொண்டைக்கு வந்துவிடும்.

வேலுத்தாயின் ஏழு வயது மகள் வடிவு, மஞ்சள்காமாலையில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து முந்தாநாள்தான் வீடு திரும்பினாள். இனி அந்தத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வேறு தண்ணீருக்கு அவள் எங்கே போவாள்?

குமரகுரு, திண்டுக்கல்லில் முப்பது வருஷம் கமர்ஷியல் ஆர்ட்டிஸ்டாக இருந்தவர். ஜவுளிக்கடை, நகைக்கடை, கட்சிக்காரர்கள் என்று அவர் எழுதாத போர்டு இல்லை. எந்த மூஞ்சியைக் கொடுத்தாலும் ராஜாவாக்கித் தருவார் என்று பெயர். கண்டவனுடைய பல்லிளிப்பையெல்லாம் வரைந்து வரைந்து வெறுத்துப்போய், தொழிலையே தலைமுழுகிவிட்டு இந்த மலைக்கு வந்தார். ஊர்ப் பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு இரண்டு வருஷமாக ஓடையைச் சுத்தம் செய்கிறார். காலணா சம்பளம் கிடையாது.

கழிவைக் கொட்டுகிறவன் யாரென்று ஊருக்கே தெரியும். மேலே ரோட்டோரம் கோழிக்கடை வைத்திருக்கும் ஜெயமுருகன்தான். பஞ்சாயத்தில் மூன்று முறை மனு கொடுத்தார்கள். மூன்று முறையும், "நான் கொட்டுனத யாரு பாத்தா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் ஒரு மூட்டை சேர்த்துக் கொட்டினான். தூ! இவனெல்லாம் ஒரு மனிதன்!

குமரகுரு புதர் மறைவில் காத்திருந்து கண்ணால் பார்த்தார். பார்த்ததை எட்டடித் தகரத்தில் பெயிண்டில் வரைந்து பாலத்தின் மேல் நிறுத்திவிட்டார். ஒரு கால் பைக்கிலும் ஒரு கால் பாலத்துச் சுவரிலுமாக ஜெயமுருகன், தோளில் வெள்ளை மூட்டை, கீழே ஓடை. தலைக்கு மேல் கொட்டை எழுத்தில், "நம் பிள்ளைகளின் தண்ணீரில் விஷம் கலப்பவர் இவர்தான்!"

"எல்லாம் சரிதாண்ணே, அவன் மொகம் நேர்ல இம்புட்டு லட்சணமாவா இருக்கு?" என்று அன்றைக்கே கேட்டாள் வேலுத்தாய்.

"கை பழகிப்போச்சு தாயி, நான் என்ன பண்ண?" என்று எரிந்து விழுந்தார் குமரகுரு.

நேற்றுச் சாயங்காலம் ஜெயமுருகன் போர்டுக்கு முன்னால் பைக்கை நிறுத்தி, அரைமணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தான். செல்போனில் நாலைந்து போட்டோ எடுத்தான். கேஸ் போடத்தான் எடுக்கிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இன்று காலை ஓடையில் மூட்டை விழவில்லை. அதைப் பார்த்த வேலுத்தாய் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

இதோ, ஆள் வந்துவிட்டான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. ஊரை நாறடிக்கிறவனுக்குத் திருநீறு ஒரு கேடு!

கூட வந்தவர்கள் ஏணியைப் போர்டில் சாய்த்தார்கள். வேலுத்தாய் மேலே ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"தொட்டுப் பாரு! எம்புள்ள சாகக் கெடந்து பொழச்சிருக்கா. இந்தப் போர்ட எடுத்த, அவளத் தூக்கியாந்து ஒங்கடை வாசல்ல போட்டுருவேன்!"

ஜெயமுருகன் தலையைக் குனிந்துகொண்டான். சேறும் இறகும் ஒட்டிய கையோடு குமரகுரு மேலே ஏறி வந்தார். அவன் குனிந்த தலையைப் பார்த்ததும் அவருக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது.

"இன்னைக்கு மூட்டை வரலையேப்பா. திருந்திட்டியா?"

"இன்னைக்குக் கிருத்திகைண்ணே. கடை லீவு."

வேலுத்தாய்க்கு முகம் செத்துவிட்டது.

"அப்ப ஏணி எதுக்குடா?" என்று கத்தினார் குமரகுரு.

ஜெயமுருகன் போர்டை ஒரு தடவை ஆசையாக அண்ணாந்து பார்த்தான். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே அவர் பக்கம் வந்து கைகூப்பினான்.

"படத்துல மூட்டை சும்மா வெள்ளையாத்தானண்ணே கெடக்கு, அதுல நம்ம கடைப் பேரையும் செல் நம்பரையும் எழுதி விட்டுருங்க!"