அதே பத்து கிலோ

“நாளைக்கு நான் போகலைங்க. வேணும்னா நீங்க போய்த் தூக்கிட்டு வாங்க!”

மணல் நிரப்பிய இரண்டு வெள்ளை கேன்களையும் கூடத்தில் பொத்தென்று வைத்தாள் மனைவி. தையல் மெஷினில் குனிந்திருந்த கணவன் நிமிரவில்லை.

“நான் தூக்கினா, அந்த ஆம்புலன்ஸ்ல என்னைத்தான் ஏத்திட்டுப் போவாங்க.”

“சிரிப்பா இருக்கா? நாற்பது நாளாச்சு. முதல் நாள் இந்தப் பத்து கிலோவைத் தூக்கினப்போ எப்படி மூச்சு வாங்குச்சோ, இன்னைக்கும் அப்படியேதான் வாங்குது. இதுல எங்கேருந்து பதினஞ்சைத் தூக்கறது?”

ஆம்புலன்ஸ் உதவியாளர் வேலை. எழுத்துத் தேர்வில் பாஸ். நாளை உடல் தேர்வு. கைக்குப் பதினைந்து கிலோ வீதம் தூக்கிக்கொண்டு இருபது அடி நடந்துவிட்டால் வேலை கையில்.

ஆரம்பத்தில் கேன்களில் பதினைந்து கிலோவே நிரப்பினாள். தரையை விட்டு அசைக்க முடியாமல் அழுதேவிட்டாள். அப்புறம்தான் பத்தாகக் குறைத்து, மேலே ‘10’ என்று எழுதிவைத்தாள். பழகியதும் கூட்டிக்கொள்வதாகத் திட்டம்.

“பழகவே மாட்டேங்குதே!”

“உன் மேல தப்பில்ல. கேனுக்குத்தான் உன்னைப் பிடிக்கலை.”

“கிண்டலுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. தினம் தூக்கி முடிச்சு, குளிச்சிட்டு வந்து பார்த்தா தரையெல்லாம் மணல். பெருக்கியே இடுப்பு போச்சு. போன மாசம் நீங்க தைச்ச சட்டை வேற கையைப் பிடிக்குது.”

“துணி சுருங்கியிருக்கும்.”

“எல்லாத்துக்கும் ஒரு பதில்! முடிவா சொல்றேன், நான் போகலை.”

“சரி, போகாதே.” எழுந்தவன், கட்டிலுக்கு அடியிலிருந்து எடை மெஷினை இழுத்தான். “ஒரு கேனை மட்டும் இது மேல வை.”

“பத்து கிலோவை எடை போட்டுப் பார்க்க என்ன இருக்கு?” முணுமுணுத்துக்கொண்டே ஒற்றைக் கையால் தூக்கி வைத்தாள்.

முள் பத்தைத் தாண்டியது. பதினைந்தையும் தாண்டியது. பதினாறில் போய் நின்றது.

“மெஷின் ரிப்பேராங்க?”

அவன் நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து மணல் ஒட்டிய கரண்டி ஒன்றை எடுத்து நீட்டினான்.

“தினம் நீ குளிக்கப் போனதும் கேனுக்கு ஒரு கரண்டி. கீழே சிந்தாம போடணும்னு நானும் நாற்பது நாளா பார்க்கறேன், எனக்குத்தான் இன்னும் பழகலை.”