எம்.டி. ரூமில் கும்பிடு

விசைத்தறி முதலாளி தங்கவேலுக்கு, தன்னை ஒருத்தரும் மதிப்பதில்லை என்று குறை. திருத்தணியில் புது ஆபீஸ் போட்டதும் இன்டீரியர் டிசைனர் சுசித்ராவிடம் சொல்லிவிட்டார்.

"என் ரூமுக்குள்ள வர்றவன் தானா கையெடுத்துக் கும்புடணும்மா!"

"கும்புடுவாங்க சார். என்கிட்ட வுடுங்க."

தேக்கு மேசை, உயரமான சுழல் நாற்காலி, அதற்குப் பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல் என்று அவள் இழைத்துவிட்டாள்.

முதல் நாளே அதிசயம் நடந்தது. நூல் வியாபாரி கும்பிட்டார். ஆடிட்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எதிரிலே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பங்காளி வீரபத்திரனே கண்ணை மூடிக் கைகூப்பி நின்றான்! தங்கவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மத்தியானம் முதுகில் வெயில் சுட்டது. ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டார்.

சாயங்காலம் வீரபத்திரன் குடும்பத்தோடு வந்தான். தங்கவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கைகூட எழவில்லை.

"இன்னா தங்கவேலு, மூடி வச்சிகினுகீற? ஜன்னல்ல மலைக்கோயில் அப்படியே தெரியுதுன்னு இவங்களையும் இட்டுகினு வந்தேன். திரையத் தெற. ஆங்... நீ கொஞ்சம் தள்ளி உக்காரு, கோபுரம் மறைக்குது!"