காற்றுக் களவு

"மோட்டரை நிப்பாட்டக் கூடாது. இதுக்கு மேலை கதையில்லை," என்றார் அலியார்.

கஜீவனுக்கு விசர் ஏறியது. கொழும்புத்துறையில் நண்டுத் தொழிற்சாலை வைத்திருக்கிற இந்த மனிதர், ஐஸ் வாங்கினால்கூட உருகின தண்ணிக்கு விலை கழிக்கச் சொல்லி நிற்கிறவர். அப்பேர்ப்பட்டவருக்குக் கரண்டுக் காசில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாமாம்.

"நானா, வடிவாக் கேளுங்கோ. நண்டு கழுவின ஊத்தைத் தண்ணியைச் சுத்தமாக்கிறது தொட்டிக்குள்ளை இருக்கிற கிருமியள். அதுகள் மூச்சு விடத்தான் உந்த மோட்டர் காத்து அடிக்குது. உங்கடை வேலை மத்தியானத்தோடை முடிஞ்சிடும். பிறகு ஊத்தை வராது. பந்தி எழும்பின பிறகு ஆருக்குச் சோறு போடுறியள்?"

"என்ரை காத்து, என்ரை கரண்டு. நான் போடுவன்."

"ஒரு மணித்தியாலம் ஓடட்டும், ஒரு மணித்தியாலம் நிக்கட்டும். ஒட்சிசன் குறைஞ்சால் தானாப் போடுற மாதிரிச் செய்து தாறன்."

"வேறை ஏதும் இருந்தால் சொல்லும் தம்பி."

கோப்பாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிற கஜீவனுக்கு இதுதான் தனியாக எடுத்த முதல் வேலை. இது சரிவந்தால்தான் டவுனில் இரண்டு ஹோட்டல்காரர் கூப்பிடுவார்கள். விடுவானா?

வெள்ளிக்கிழமை அலியார் ஜும்ஆவுக்குப் போனதும் சுவிச்சை அமத்தினான். உறுமல் அடங்கியது. ஒட்சிசன் அளக்கிற மீற்றரைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு குந்தியிருந்தான். அரை மணித்தியாலம் போயும் ஒட்சிசன் தேவைக்கு மேலேதான் நின்றது.

மதிலுக்கு மேலால் ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம். அந்த மோட்டர்ச் சத்தத்துக்காகக் காலை தவறாமல் அலியாரை ஏசிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிற மனுசி.

"ஏன் மோட்டர் நிக்குது?"

"இனிச் சத்தம் குறையும். நிம்மதியா இருங்கோ அன்ரி."

"நிம்மதியோ? போடும் அதை. எனக்குச் சத்தம் இல்லாட்டில் நித்திரை வராது."

"மத்தியானம் ஒண்டேகாலுக்கோ?"

"நான் எப்பவும் நித்திரை கொள்ளுவன், உமக்கென்ன? போடும் தம்பி."

தலை மறைந்தது. கஜீவனுக்குச் சந்தேகம் தட்டியது. மதிலோரம் போய்த் தேடினான். பெரிய காற்றுக் குழாயின் அடியிலிருந்து மெல்லிய பச்சைக் குழாயொன்று மதில் ஓட்டைக்குள்ளால் அந்தப்பக்கம் போயிருந்தது.

கல்லில் ஏறி எட்டிப் பார்த்தான். ஆறு சீமெந்துத் தொட்டிகள். விற்பனைக்கு வளர்க்கிற வண்ண மீன்கள். பச்சைக் குழாய் ஆறாகப் பிரிந்து ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் இறங்கியிருந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தபடி. சின்னத்தங்கம் தொட்டிக்குத் தொட்டி ஓடி ஓடிக் கோப்பையால் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்.

கஜீவன் இறங்கி வந்து மோட்டரைப் போட்டான்.

அலியார் வந்து இறங்கினதுதான் தாமதம்.

"நானா, கள்ளனைப் பிடிச்சிட்டன். கள்ளி. உங்கடை காத்தைக் களவெடுத்து அவ மீன் வளக்கிறா. அதுக்குள்ளை காலமை காலமை உங்களுக்கு ஏச்சு வேறை."

அலியார் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"மோட்டரை நிப்பாட்டினனீரோ?"

"ஓம், அரை மணித்தியாலம்."

"மீன் செத்ததோ?"

"இல்லை."

அலியாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"மெதுவாக் கதையும். ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்குப் போன நேரம் மதிலேறி வந்து அந்தக் குழாயைப் பூட்டினவ. வடிவாப் பூட்டத் தெரியேல்லை, காத்து ஒழுகிச்சுது. நான்தான் பிறகு இறுக்கி விட்டனான்."

கஜீவன் குரலைத் தாழ்த்தினான்.

"கேட்டால் குடுத்திருப்பியள்தானே?"

"கேக்கிற ஆளோ அவ? புருசன் கடலிலை தவறின நேரம் ஒரு மூட்டை அரிசி அனுப்பினன். அண்டைக்கே மதிலுக்கு மேலாலை திரும்பி வந்துது."

கஜீவன் மதிலோரம் போய்ப் பச்சைக் குழாயை ஒருக்கால் பார்த்துவிட்டு வந்தான்.

"அப்ப அந்தப் பச்சைக் குழாய்க்கு மட்டும் இஞ்சாலைப் பக்கம் ஒரு சின்னப் பம்பு பூட்டுவம். பெரிய மோட்டர் நிண்டாலும் அது ஓடும். கரண்டு கொஞ்சம்தான். புதுச் சாமான், சத்தமே கேளாது."

"என்ன விலை?"

சொன்னான். அலியார் பாதியாக வெட்டினார். கஜீவன் கொஞ்சம் ஏற்றினான். ஒருமாதிரி முடிந்தது.

"ஆனால் உந்தச் சத்தம் கேளாத சாமான் வேண்டாம்," என்றார் அலியார். "கடையிலை இருக்கிறதுக்குள்ளை நல்லாக் கத்துறதாப் பார்த்துக் கொண்டு வாரும்."

"அப்ப ஏச்சு நிக்காதே நானா."

"ஏசட்டும். சத்தம் நிண்ட பிறகும் காத்து வந்தால், அது களவில்லை எண்டு சின்னத்தங்கத்துக்கு விளங்கிப் போம். அடுத்த நிமிசமே குழாயைப் பிடுங்கி இஞ்சாலை எறிஞ்சு போடுவா."