சுவருக்குள் போன கதவு

"டோய்வோ, எல்லாம் சரி... கதவு எங்கப்பா?"

காற்றுக்குக் கட்டியிருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டான் கிளென். கான்கிரீட் பம்ப் அவனுடையது. கடைசிச் சுவரையும் ஊற்றி முடித்து, குழாயைக் கழுவப் போனவன் தற்செயலாக எட்டிப் பார்த்திருந்தான்.

டோய்வோ சாரத்திலிருந்து இறங்கி வந்தான். அம்மாவுக்காக வீட்டோடு ஒட்டிக் கட்டும் புது அறை. சமையலறையிலிருந்து அதற்குள் போகக் கதவுக்கென்று சட்டம் வைத்து வழி விட்டிருந்த இடத்தில், இப்போது வெள்ளைத் தெர்மோகோல் கட்டைகள் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தன. அவற்றின் வயிறு நிறையக் கான்கிரீட்.

"அடடா" என்றான்.

"அடடாவா? கதவு வைக்க மறந்து வீடு கட்டின முதல் ஆள் நீதான்டா!"

"நேத்து சானா நீராவிக் குளியல் செம சூடு. என்னைக்கும் இல்லாம அடுப்பு அப்படி எரிஞ்சுது. மூளை வெந்துபோச்சு போல."

"வேகறதுக்கு இருந்தாத்தானே!"

"வெளிவாசல் இருக்கில்ல, விடு."

"இருக்கு, இருக்கு. ஜனவரியில உங்கம்மா ஒரு காபிக்காக பூட்ஸ் மாட்டி, கோட் மாட்டி, முழங்கால் பனியில வீட்டைச் சுத்தி வரணும். மருமக மாமியாரைக் கான்கிரீட் ஊத்தி அடைச்சுட்டான்னு ஊரே பேசும்."

காபி பிளாஸ்க்கோடு வந்து நின்ற டோய்வோவின் மனைவி ஒலேனாவின் முகம் சிவந்தது. குளிரினால் மட்டும் என்று சொல்ல முடியாது.

அந்தக் கதவு வேண்டாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். மாமியார் ஹில்க்கா இரண்டு நாள் வந்து தங்கினாலே சமையலறை டப்பாக்கள் இடம் மாறிவிடும். இனி வசந்தத்திலிருந்து நிரந்தரம். நடுவில் ஒரு கதவும் இருந்தால்? ஆனால் டோய்வோ ஒப்பவில்லை. ஏரிக்கரையின் இந்தக் குளிரில் பெற்ற தாயை வெளியே சுற்றி வரச் சொல்கிற பிள்ளை கிடையாது என்றுவிட்டான்.

அச்சைப் பிரித்துச் சரிசெய்யவும் வழியில்லை. இந்த மாதிரிச் சுவரில் தெர்மோகோல்தான் அச்சு, அதுவேதான் போர்வை. கான்கிரீட் இறுகினாலும் கூடவே இருந்துவிடும். நவம்பர் பனியில் துணிந்து ஊற்றுவதும் அதனால்தான்.

மூவரும் சமையலறைக்குள் போனார்கள். ஹில்க்கா அடுப்புக்கு அருகில் நாற்காலி போட்டுக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். அறையைப் பார்க்கவென்று முந்தின நாளே வந்தவள்.

"அத்தை, தொப்பியெல்லாம் பனி. கழட்டிக் குடுங்க, காய வைக்கிறேன்."

"இருக்கட்டும்மா. தலை குளிருது."

கிளென்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தான். ஹில்க்காவின் ஊசிகள் நின்றன.

"கதவே இல்லையா?"

"இல்லம்மா. உங்க பிள்ளை மறந்துட்டான்."

"சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்குப் பையை மறந்துட்டுப் போவான். இப்ப கதவு." ஏலக்காய் ரொட்டியில் ஒரு துண்டை எடுத்துக் காபியில் நனைத்தாள். "போகட்டும். நான் சுத்தியே வந்துக்கறேன். சறுக்கி விழுந்தா யாராவது பார்க்காமயா போயிடுவீங்க? ரொட்டி கொஞ்சம் காய்ஞ்சிருக்கு ஒலேனா."

ரொட்டியைக் குறை சொன்னதைக்கூட ஒலேனா கவனிக்கவில்லை. அவள் மனசு ஆறவில்லை. கால் மணி நேரம் தன்னோடு மல்லுக்கட்டிப் பார்த்தாள். கிளென் இரண்டாவது கோப்பையை முடித்து எழுந்தபோது அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கிளென், அந்தச் சுவரை அறுக்க முடியுமா?"

"வைர பிளேடு மிஷின் இருக்கு. நாளைக்கே அறுத்துடலாம்."

"அறுத்துடுங்க. என் செலவு."

"எதுக்கு? எதுக்குங்கறேன்?" ஹில்க்கா பதறினாள். "நல்ல சுவரைப் போய் அறுப்பாங்களா?"

"இல்லம்மா, அறுத்துத்தான் ஆகணும்." டோய்வோ தலையைக் குனிந்துகொண்டான். "நான் ஒண்ணும் மறக்கல. குழாயைப் பிடிச்சு ஊத்தும்போதே மேலேருந்து பார்த்துட்டேன், கதவு இடம் அடைச்சிருந்துச்சு. ஒலேனா ஆசைப்பட்டு அடைச்சிட்டா, போகட்டும்னு... ஊத்திட்டேன்."

"நானா?" ஒலேனா திரும்பினாள். "காலையிலயே தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். எனக்காக நீதான் மனசு மாறி அடைச்சிட்டேன்னு நினைச்சு வாயைத் திறக்கல. இன்னைக்கு ரொட்டி சுட்டதே அதுக்குத்தான்டா!"

கிளென் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நல்ல குடும்பம். அப்ப அங்க இருந்த கதவுச் சட்டம் எங்க? ரெண்டு ஆள் தூக்கற மரமாச்சே!"

ஒலேனாவின் பார்வை மாமியாரின் தொப்பியில் போய் நின்றது. இவ்வளவு நேரம் அடுப்படியில் இருந்தும் அந்தப் பனி உருகவே இல்லை. கிட்டே போய் விரலால் தொட்டாள். ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு குட்டித் தெர்மோகோல் உருண்டை.

ஹில்க்கா பின்னலை மடியில் வைத்தாள்.

"நேத்து சானா அடுப்பு எரிஞ்சுதுன்னு சிலாகிச்சியே டோய்வோ, அதுல போனது அந்தச் சட்டம்தான். துண்டு துண்டா அறுத்துப் போட்டேன். வழியை அடைக்கத் தெர்மோகோல் கட்டைங்க வெண்ணெய் மாதிரி அறுபட்டுச்சு, சட்டம்தான் இடுப்பை ஒடிச்சிருச்சு. முறைக்காதீங்க ரெண்டு பேரும்! நடுவுல கதவு இருந்தா நேரங்காலம் இல்லாம என் அறைக்குள்ள வந்து நிப்பீங்க, எனக்கும் ஒரு நிம்மதி வேண்டாமா? இனிமே வர்றதா இருந்தா பூட்ஸை மாட்டிக்கிட்டு, சுத்தி வந்து, மணியடிச்சுட்டு வாங்க!"